மஞ்சள் ஜெல்லித் தட்டு

பிராந்தி ஊற்றிய ஜெல்லியை லவோன் கூபியாக் மாதிரி செய்கிற ஆள் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. இதைச் சொன்னால் சண்டைக்கு வர நாலு பேர் இருக்கிறார்கள், வரட்டும். அவர்கள் செய்கிற ஜெல்லி ஒன்று கிண்ணத்தைச் சாய்த்தவுடன் சட்டையில் வழியும், இல்லாவிட்டால் ரப்பர் மாதிரி பல்லோடு மல்லுக்கு நிற்கும். லவோனுடையதைக் கிண்ணத்தின் ஓரத்தில் சுண்டுவிரலால் ஒரு சுற்று சுற்றினால் போதும், வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போய்விடும். போன பிறகுதான் தொண்டையில் சூடு தெரியும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் பக்கம் ஜெல்லி இல்லாமல் எதுவும் நடக்காது. ஞானஸ்நானத்துக்கு ஜெல்லி, சாவு வீட்டுக்குக் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அதைக் காய்கறிக் கணக்கில் சேர்த்துச் சாப்பிடுகிற ஜனங்கள் நாங்கள். காதலர் தினத்துக்குத் தீயணைப்பு நிலையத்தில் நடக்கிற ஜோடி ஆட்டத்துக்கு மட்டும் அதே ஜெல்லி சிவப்பாகி, பிராந்தியும் சேர்ந்து, கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் மூடி போட்டு வரும். தீயணைப்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, உள்ளே சிமெண்ட் தரையைக் கழுவி, துருத்தி மாதிரி விரித்து மடக்கி வாசிக்கிற அக்கார்டியன்காரனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். மேஜை நிறைய லவோனின் ஜெல்லி இருக்கும்.

கடந்த இரண்டு குளிர்காலமாக அது இல்லை. ஏன் இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. உங்கள் வீட்டுக் கூரை இடிந்து விழுந்தால் ஏணியோடு வந்து நிற்போம், சூடாகச் சாப்பாடு கொண்டுவருவோம், ஆனால் கூரை விழுந்துவிட்டதே என்று மட்டும் சொல்லமாட்டோம். குளிர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்போம்.

லவோனின் கணவன் டெல்மர் குடித்தான். எல்லாரும்தான் குடிக்கிறார்கள், ஆனால் அவன் குடித்தது வேறு மாதிரி. தொழுவத்தில் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒரு பாட்டில், டிராக்டர் இருக்கைக்கு அடியில் ஒரு பாட்டில், குழாய்ச் சாமான் பெட்டியில் ஒரு பாட்டில் என்று ஒளித்து வைத்துக் குடித்தான். ஒரு ஜனவரியில் வண்டியைப் பள்ளத்துப் பனிக்குள் இறக்கிவிட்டு அதிலேயே தூங்கிப்போனான். விடியற்காலையில் பால் வண்டிக்காரன் பார்த்திராவிட்டால் விறைத்துப் போயிருப்பான். ஆஸ்பத்திரியில் டாக்டர் லவோனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஈரல் இன்னொரு தடவை தாங்காது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராகக் குடியை நிறுத்துகிற இடத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. வியாழக்கிழமை தோறும் சர்ச்சின் கீழறையில் நடக்கிற கூட்டத்துக்குப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கசந்த காபியைக் குடித்துவிட்டு வந்தான்.

அந்த ஒரு மாதம் அவன் மாடுகளைக் கறந்தது பக்கத்துப் பண்ணை இர்மா ஸாஸ்ட்ரோ. எழுபது வயதைத் தாண்டிய விதவை, இடுப்பெலும்பு தேய்ந்து கைத்தடி ஊன்றுகிறவள். காலையிலும் மாலையிலும் பனியில் கைத்தடியைக் குத்திக்கொண்டு வருவாள், கறப்பாள், போய்விடுவாள். லவோன் ஒருமுறை நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "வெளிய என்ன குளிரு பாத்தியா!" என்று சொல்லித் தலைமுக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். லவோனுக்கு அந்த நன்றி இரண்டு வருஷமாகத் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஜனவரிக் கடைசியில், சாப்பாட்டு மேஜையில், டெல்மர்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"இந்த வருஷம் ஜெல்லி பண்ணு."

"எதுக்கு இப்ப?"

"ஊர்ல ஒவ்வொருத்தனும் என்னைப் பாக்கும்போது ஜெல்லி போச்சேங்கிற முகத்தோடயே பாக்குறான். தாங்கல எனக்கு."

"விளையாடாதே டெல்."

"விளையாடல. ஆட்டத்தன்னிக்குத்தான் நம்ம கல்யாண நாளு. உன்னைக் கூட்டிட்டுப் போய் ஆடணும்னு இருக்கேன். நான் பண்ணின கூத்துக்கு நீ எதுக்கு வீட்டுக்குள்ளயே கிடக்கணும்?"

"பாட்டில் வீட்டுக்குள்ள வரணுமே," என்றாள் லவோன். அதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"வரட்டும். நீ பண்ற அன்னிக்கு நான் தொழுவத்துல இருந்துக்கறேன். எனக்குன்னு ஒரு தட்டு தனியா பண்ணிடு, பிராந்தி இல்லாம. எலுமிச்சைப் பொடி போட்டு மஞ்சளா பண்ணு. சிவப்பு ஊருக்கு, மஞ்சள் எனக்கு. தூரத்துல இருந்து பாத்தாலே தெரியணும். நானும் எல்லார் மாதிரியும் ஒரு கிண்ணத்தைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான்."

"ஜோலீனுக்கும் ஆகும்," என்றாள் லவோன். ஜோலீன் டெல்மரின் அண்ணன் மகள். வயிற்றில் ஏழு மாதம்.

"ஆமா, அவளுக்கும்."

லவோன் தட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள். பயமும் இருந்தது, ஆனால் பயத்தினால் மட்டும் அழவில்லை. ஆடக் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொல்லி எவ்வளவு காலமாகிறது என்று நினைத்துத்தான் அழுதாள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் காலையில் சமையலறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. செர்ரிப் பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, ஒரு துகள் மிச்சமில்லாமல் கரையும் வரை கரண்டியால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரைந்து ஆவி அடங்கிய பிறகுதான் பிராந்தி. அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் சரக்கு ஆவியாய்ப் போய்ச் சுவரில் இருக்கிற காலண்டருக்குத்தான் போதை ஏறும். பிராந்தி கூடினாலும் ஜெல்லி உறையாது, குறைந்தால் ஊர் மன்னிக்காது. லவோன் அதைக் கண்ணளவில் ஊற்றுவாள். தவறியதே இல்லை.

சிவப்புக் கிண்ணங்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கும்போது இர்மா வந்து சேர்ந்தாள், தோளில் ஒரு துணிப்பையோடு.

"வாசம் என் வீட்டு வாசல் வரைக்கும் வருதுடி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா அந்த டோரிஸ் பண்ணின ஜெல்லியைத் தின்னு என் பல் செட்டே ஆடிப்போச்சு."

"உக்காருங்க இர்மா. கால் என்ன ஆச்சு, தேவலையா?"

"கால் கிடக்குது. வேலையைச் சொல்லு."

இர்மாவின் கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அளந்து ஊற்றத் தெரியாத கை அது. அவள் வீட்டில் ஒரு கோப்பை பிராந்தி குடித்தவன் தன் தொப்பியை விட்டுவிட்டு அவளுடைய முக்காட்டைக் கட்டிக்கொண்டு போன கதை எங்கள் ஊரில் உண்டு. கஞ்சத்தனம் என்றால் என்னவென்றே அந்தக் கைக்குத் தெரியாது.

லவோன் அடுத்த பாத்திரத்தில் எலுமிச்சைப் பொடியைக் கரைத்தாள்.

"என்ன, இந்த வருஷம் ரெண்டு நிறமா?" என்றாள் இர்மா.

"ஆமா, கொஞ்சம் எலுமிச்சையும் இருக்கட்டுமேன்னு."

அந்த இடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இது டெல்மருக்கு, இதில் எதுவும் ஊற்றக் கூடாது என்று. சொல்லவில்லை. அவனுக்குக் குடி ஆகாது என்பதைத் தன் சமையலறையில், அதுவும் மாடு கறந்து கொடுத்த மனுஷியிடம், வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அதுதான் ஊருக்கே தெரியுமே என்று விட்டுவிட்டாள். பொடி கரைந்தது. குளிர்ந்த தண்ணீர் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து மூடிகள் தீர்ந்துபோயிருந்தன.

"கீழ போய் மூடி எடுத்துட்டு வந்துடறேன்," என்று நிலவறைக்கு இறங்கினாள். ஊறுகாய் ஜாடிகளுக்கும் பழைய கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கும் பின்னால் மூடிப் பை எங்கேயோ ஒளிந்திருந்தது. தேடி எடுத்து மேலே வந்தபோது இர்மா மஞ்சளைக் கரண்டியால் மொண்டு கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ வர்றதுக்குள்ள நானே கலந்து முடிச்சிட்டேன். சும்மா உக்காரச் சொன்னா எனக்கு ஆகாது."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்," என்று லவோன் மூடிகளைப் போட ஆரம்பித்தாள். வீடு முழுக்க ஏற்கெனவே பிராந்தி வாசம். மூக்கு அதிலேயே மரத்துப்போயிருந்தது. எலுமிச்சைப் பொடியும் தண்ணீரும் கலந்ததில் ருசி பார்க்க என்ன இருக்கிறது என்று ருசியும் பார்க்கவில்லை. தட்டுகளைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் பனிக்கு நடுவே வைத்தாள். எங்களுக்கு மார்ச் வரைக்கும் அதுதான் பெரிய குளிர்சாதனப் பெட்டி. மறுநாள் எடுக்கும்போது மஞ்சள் மட்டும் கொஞ்சம் தளதளவென்று இருந்தது. இர்மா தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருப்பாள் என்று லவோன் நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

தீயணைப்பு நிலையத்துக்குள் அன்று மாலை டெல்மர் மஞ்சள் தட்டைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போனான். "இது என் பொறுப்பு," என்று சொல்லி, காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றான். புதுச் சட்டை. கழுத்தில் சவரம் செய்த இடம் சிவந்திருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைக் குலுக்கி, குளிர் எப்படி என்று கேட்டார்கள். அவனும் குளிரைப் பற்றிச் சொன்னான். கூடத்தின் அந்தக் கோடியில் சிவப்பு ஜெல்லி மேஜைக்குப் பின்னால் நின்று லவோன் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால்கூட அவனை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள்.

"லவோன், நீ திரும்பி வந்ததே போதும்," என்று கையில் மூன்று கிண்ணத்தோடு ஒருவன் கண்கலங்கினான். அவன் கலங்கியது ஜெல்லிக்காகத்தான், இருந்தாலும் அவளுக்கு நன்றாக இருந்தது.

அக்கார்டியன் இரண்டாவது போல்கா பாட்டில் இருக்கும்போது இர்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"என் மஞ்சளுக்கு என்ன பேரு? யாராவது நல்லாயிருக்குன்னு சொன்னாங்களா?"

"உங்க மஞ்சளா?"

இர்மா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். உபகாரம் செய்தவள் அதைச் சொல்லிக்காட்டாமல் சொல்கிற குரல். "யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன், பயப்படாதே. நீ மறந்துட்டேடி. மூடி தேடிக் கீழ போயிட்ட, பாத்திரத்துல பாத்தா ஒரு சொட்டு சரக்கு இல்ல. நல்லவேளை, என் பையில எலுமிச்சை போட்ட வோட்கா இருந்துச்சு, உனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்தேன். தண்ணிக்குப் பதிலா முழுக்க அதையே ஊத்திட்டேன். இல்லேன்னா காதலர் தினத்துக்கு வெறும் தண்ணி ஜெல்லி வெச்சாளாம்னு நாளைக்கு ஊர் உன்னைச் சிரிக்கும்."

லவோன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"இர்மா, அது டெல்லுக்கு..."

"டெல்லுக்கா? அவனுக்கு நான் ஆரஞ்சு சோடா வாங்கி வந்திருக்கேனே, அதோ!" என்றாள் இர்மா. பிறகு அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "ஜெல்லிதானேடி அது? ஜெல்லி போய் எப்படி..."

லவோன் காபிப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். தட்டு இல்லை. டெல்மரும் இல்லை. ஜோலீன் மட்டும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். லவோன் கூட்டத்துக்குள் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு அவளிடம் போனாள்.

"சித்தப்பா எங்க?"

"தட்டை மொத்தமா தூக்கிட்டு வெளிய போயிட்டாரு சித்தி. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். கையில எடுத்துட்டேன்கூட. வெடுக்குனு புடுங்கிட்டாரு! உனக்குக் கிடையாதுன்னுட்டு எல்லாத்தையும் வாரிக்கிட்டு ஓடறாரு. என்ன ஆச்சு அவருக்கு? மூஞ்சியே சரியில்ல."

லவோனுக்குத் தெரிந்த டெல்மர் ஒருவன் இருந்தான். யாருக்கும் கொடுக்காமல், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, ஆள் இல்லாத இடத்துக்குப் போகிறவன். இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்தவன். அவன்தான் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாள். என் சமையலறையில், என் பாத்திரத்தில், என் கையால் மூடி போட்டுக் கொடுத்து நானே அவனைக் கூப்பிட்டுவிட்டேன் என்று நினைத்தாள். மேல்கோட்டை எடுக்கவில்லை, பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெளியே மூச்சு மூக்கிலேயே உறைகிற குளிர். சுவர் விளக்கின் வெளிச்சத்தில் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. பனியில் காலடித் தடம் முதல் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. தடத்தின் ஓரத்தில் ஒரு மூடி கிடந்தது. அப்புறம் இன்னும் இரண்டு. வண்டியைத் தாண்டியதும் தட்டு கண்ணில் பட்டது. அதன் மேல் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன, எல்லாம் காலி.

லவோன் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவும் தின்றிருக்கிறான். அவ்வளவும்.

டெல்மர் வண்டியின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தது. இரண்டு கையாலும் எதையோ மடிக்கு நடுவில் பிடித்திருந்தான்.

"எத்தனை?" என்றாள் லவோன். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஒண்ணும் இல்ல."

"டெல், எத்தனை சாப்பிட்டே? சொல்லிடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"கீழ பாரு லவோன். உன் காலுக்குக் கீழ."

அவள் பார்த்தாள். அவள் காலணிக்கு அடியில், படிக்கட்டைச் சுற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் பனி முழுக்க மஞ்சள் துண்டுகள் சிதறிக் கிடந்தன. சில பாதி உறைந்து கண்ணாடி மாதிரி இருந்தன. ஒவ்வொரு கிண்ணமாகத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கொட்டியிருக்கிறான்.

"நம்பலேன்னா மோந்து பாரு," என்றான் டெல்மர். அதில் கோபம் இல்லை.

லவோன் மோந்து பார்த்தாள். பின்னால் அதை நினைத்து வெட்கப்பட்டாள், ஆனால் அந்த நிமிஷம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சவரச் சோப்பு, காபி, குளிர். வேறு எதுவும் இல்லை.

"மூடியைத் திறந்தேன். உடனே தெரிஞ்சுபோச்சு," என்றான். "எலுமிச்சைக்குக் கீழ ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஊர்ல வேற எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியாதா? அப்பப் பாத்து ஜோலீன் ஒண்ணை எடுத்துட்டா. வயித்துப் புள்ளக்காரி. புடுங்கிக்கிட்டு ஓடிவந்துட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன், கொட்டறது ஒண்ணும் பெரிய விஷயமா இல்ல. ஆனா இது..."

அவன் கையை விரித்தான். மூடி திறந்த ஒரு கிண்ணம். உள்ளே மஞ்சள் ஜெல்லி அப்படியே இருந்தது.

"இது கடைசி. இது மட்டும் கையை விட்டுப் போக மாட்டேங்குது. கொட்டு கொட்டுனு சொல்றேன், கை கேக்க மாட்டேங்குது. எந்திரிச்சு உள்ள வந்து உன்னைக் கூப்பிடலாம்னு பாத்தேன். எந்திரிச்சா வழியில வாயில போட்டுக்குவேன்னு பயம். அதான் அப்படியே உக்காந்துட்டேன். நீ வருவேன்னு உக்காந்துட்டேன். எடுத்துக்க, லவோன். சீக்கிரம் எடு."

அவன் விரல்கள் குளிரில் விறைத்துக் கிண்ணத்தோடு ஒட்டியிருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த கையோடு லவோன் அதை வேலிக்கு அப்பால் விட்டெறிந்தாள். கிண்ணம் எங்கே விழுந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவன் முகத்தை அவள் வயிற்றில் புதைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ அக்கார்டியனுக்குக் கைதட்டினார்கள்.

"நீயே ஊத்தினியா?" என்று முகத்தை எடுக்காமலே கேட்டான்.

"பைத்தியமா உனக்கு? இர்மா. நான் மறந்துட்டேன்னு நெனச்சு, ஊர் என்னைச் சிரிச்சிடுமேன்னு, முழு பாட்டிலையும்..."

டெல்மர் தலையை நிமிர்த்தினான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள். சிரிக்கிறான்.

"வேற யாரா இருக்க முடியும்? வாசம் அடிச்ச அடிக்கு நானும் நெனச்சேன், கஞ்சப்பய எவனும் இதை ஊத்தியிருக்க மாட்டான்னு."

"அவங்களுக்குப் பாதி புரிஞ்சுபோச்சு, டெல். நான் உள்ள போய் ஒண்ணும் ஆகலன்னு சொல்லிடறேன். கீழ விழுந்து கொட்டிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். முழுசாத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாங்க. மாடு கறந்து கொடுத்தவங்க."

"இல்ல. நானே சொல்றேன்."

"எதுக்கு?"

"ஒளிச்சு வெச்சா எனக்கு ஆகாது லவோன். சின்னதா இருந்தாலும் சரி, நல்லதுக்குன்னாலும் சரி. இதை ஒளிச்சா நாளைக்கு வேற ஒண்ணை ஒளிப்பேன். என்னை எனக்குத் தெரியும்."

எழுந்து, குனிந்து, காலிக் கிண்ணங்களையும் மூடிகளையும் பொறுக்கித் தட்டில் போட்டான். தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான். இருவரும் உள்ளே போனார்கள்.

இர்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கைத்தடியை மார்போடு பிடித்தபடி. டெல்மர் நேராக அவளிடம் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்கார வைத்து, அவள் முன்னால் முட்டி போட்டான். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இர்மா, நான் குடிகாரன்," என்றான்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தையை அவனைப் பற்றி ஒருவர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டவர்களில் பாதிப்பேர் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஒருவன் குளிரைப் பற்றி ஆரம்பிக்கப் பார்த்தான். அவன் மனைவி அவன் விலாவில் இடித்தாள்.

"ஒரு வாய் உள்ள போனாலும் நான் முடிஞ்சேன். ஜெல்லியா இருந்தாலும் அதேதான். மஞ்சள் தட்டு எனக்குப் பண்ணினது. நாங்கதான் உங்ககிட்ட சொல்லல, தப்பு எங்களோடது. நான் சாப்பிடல. கொட்டிட்டேன்."

"சாப்பிடலையே?"

"சாப்பிடல."

"ஆணையா?"

"ஆணையா."

இர்மா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டாள். "அந்த ஒரு மாசம் நான் உன் மாட்டுங்களைப் பாத்துக்கிட்டேனே டெல்மர். கடைசியில உன்னைக் கொல்றதுக்குத்தானா?"

"நீங்க பாத்துக்கிட்டதாலதான் இன்னிக்குக் கொட்ட முடிஞ்சது," என்றான் டெல்மர். "வெளிய உக்காந்து உங்களைத்தான் நெனச்சேன். இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு, அந்தப் பனியில, காலையிலயும் சாயங்காலமும். எனக்காக ஒரு மனுஷி அவ்வளவு பண்ணியிருக்கும்போது நான் இதைத் தின்னா நான் என்ன ஜென்மம்னு நெனச்சேன். இதுவரைக்கும் உங்களுக்கு நன்றி சொல்லல. சொல்ல விடல நீங்க. இப்ப சொல்றேன், கேளுங்க. நன்றி இர்மா."

லவோனும் பக்கத்தில் மண்டியிட்டாள். "நானும் சொல்றேன். நீங்க இல்லேன்னா எங்களுக்கு வீடு இருந்திருக்காது, மாடு இருந்திருக்காது. இவன் திரும்பி வர ஒரு இடம் இருந்திருக்காது. நன்றி." சொல்லி முடித்ததும் இரண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்தது இறங்கிவிட்டது. இவ்வளவு சின்ன வார்த்தையா அது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இர்மா கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். வெளியே குளிர் எப்படி என்று கேட்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் டெல்மரின் கன்னத்தில் கையை வைத்தாள். அறைவது மாதிரி இரண்டு தட்டு தட்டினாள்.

"எனக்கு ஆளே இல்லடா," என்றாள். "புருஷன் போனப்புறம் காலையில எந்திரிக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்லாம கிடந்தேன். உன் மாட்டுங்கதான் என்னை எழுப்பி விட்டுச்சு. நீங்க எனக்கு நன்றி சொல்றீங்களா? போங்கடா, பைத்தியக்காரப் பசங்களா!" பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, நின்று வேடிக்கை பார்த்தவர்களைச் சுற்றிப் பார்த்துக் கத்தினாள். "என்ன வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க? இவனுக்கு இப்ப இனிப்பு இல்ல. யாராவது அந்தச் செர்ரிப் பழம் வெச்சுச் சுட்ட பலகாரத்தைக் கொண்டாங்க. மோந்து பாத்துட்டு கொண்டாங்க!"

ஒன்றுக்கு நாலு பேர் ஓடினார்கள். வந்த நாலு பலகாரத்தையும் இர்மா தானே மோந்து பார்த்துத்தான் அவன் கையில் கொடுத்தாள். ஜோலீனுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான் டெல்மர். பிடுங்கியதற்கு மன்னிப்புக் கேட்டான். அவள் தின்றுகொண்டே மன்னித்தாள்.

அக்கார்டியன்காரன் ஜோடியாக ஆடுகிற மெதுவான வால்ட்ஸ் பாட்டு ஒன்றை எடுத்தான். டெல்மர் பலகாரத் துகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டு, லவோனுக்கு முன்னால் வந்து கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். சிமெண்ட் தரை நடுவில், தெரிந்த முகங்களுக்கு மத்தியில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு ஆடினார்கள். கணவன் உயிரோடு இருக்கிறான், கை சூடாக இருக்கிறது, இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் இனிமேல் விஷயம் தெரியும், இனிமேல் ஒருவரும் தெரியாமல் ஊற்றமாட்டார்கள். அவளுக்கு அது போதும் என்று இருந்தது. போதுமென்பதற்கும் மேலே இருந்தது.

இரண்டாவது சுற்றிலேயே டெல்மர் அவள் காலை நன்றாக மிதித்தான்.

"ஆ! ஏய்!"

"மன்னிச்சுக்க."

நாலு அடி வைத்தான், மறுபடியும் மிதித்தான், அதே காலை. லவோன் ஆட்டத்தை நிறுத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா நீ என் காலை மிதிக்கும்போதெல்லாம் பிராந்தியைத்தான்டா திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"பிராந்தி பாவம்," என்றான் டெல்மர். "இது நானேதான்."

லவோனுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கால் உண்மையிலேயே வலித்தது. அந்த வலிக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு, மிதிபட்ட காலையே முன்னால் எடுத்து வைத்தாள்.